வால்வு சுருக்கமும் தட்டணுக்களும்: மூன்று ஆய்வுகள், ஒரு ஆஸ்பிரின் ஆசை

கோவைப் பக்கம் ரெண்டு ஆங்கிலச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று வால்வு. மோட்டார் பம்பு செய்கிற ஊர் இது. கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு எதுக்கு இருக்கு என்று எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இன்னொன்று பிளேட்லெட். டெங்கு வந்துபோன வீடுகளில் "கவுண்ட் எவ்வளவுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே வந்துவிடும்.

இந்த ரெண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் சேரும்போதுதான் சிக்கல். "இதய வால்வு சுருங்குவதில் பிளேட்லெட்டுக்குப் பங்கு இருக்கிறது" என்று ஒரு வரி கண்ணில் பட்டதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: "அப்போ ரத்தத்தை இளக்குற மாத்திரை போட்டா சரியாயிடுமுங்களா?" வீட்டில் வயசான ஒருவருக்கு எக்கோ எடுத்து "வால்வு சுருங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டால், இந்தக் கேள்வி ஆர்வத்தில் கேட்பதாக இருக்காது. பக்கத்து மருந்துக் கடையில் ஆஸ்பிரின் அட்டை கிடைக்கும். விலையும் ரொம்பக் குறைவு.

அந்த வரிக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டணு பற்றிய ஆய்வுகள் நல்ல ஆய்வுகள். ஆனால் அவை சொல்வது, நாம் கேட்டுக்கொள்வதைவிடக் குறுகலான ஒரு விஷயம். நம்ம ஊர் வார்டுகளில் பல தலைமுறையாகப் பார்த்த வால்வு நோயைப் பற்றி அவை இன்னும் பேசவே தொடங்கவில்லை.

பம்பு உவமை எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

இதயத்தில் நான்கு வால்வுகள். நான்கும் ஒரு திசையில் மட்டும் ரத்தத்தை விடுபவை. நம்ம ஃபுட் வால்வு போலத்தான், ஏறிய தண்ணீரைத் திரும்பி இறங்க விடாது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு, டாக்டர்கள் சொல்லும் அயோர்ட்டிக் வால்வு. நல்ல நிலையில் அது திறக்கும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம். சாதாரணமாக நொடிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வேகத்தில் போகும் ரத்தம் அப்போது 4 மீட்டர் வேகத்துக்கு மேல் பீய்ச்சும். ஹோஸ் பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணி சீறுமே, அதேதான்.

இதுவரை பம்பு உவமை சரி. இதற்குமேல் அது நம்மை ஏமாற்றும். சப்பைத் தண்ணி ஓடும் குழாயில் உப்புப் பிடிக்கும், வாய் சின்னதாகும் என்பது நமக்குப் பழகின காட்சி. வால்விலும் "கால்சியம் படிஞ்சிருக்கு" என்று ரிப்போர்ட்டில் இருக்கும். உடனே ரெண்டையும் சேர்த்துவிடுகிறோம்: ரத்தத்தில் ஏதோ அதிகமாகி வால்வில் படிகிறது, எதையாவது போட்டுக் கரைத்துவிடலாம். பாலை நிறுத்தினவர்களும் உண்டு.

குழாய் செத்த பொருள். வால்வு இதழ் உயிருள்ள திசு. அதற்குள் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்கள் தூண்டப்பட்டால் முதலில் நார் நாராகக் கொலாஜன் புரதத்தைச் சுரந்து இதழைத் தடிக்க வைக்கும். பிறகு அவற்றில் சில, எலும்பைக் கட்டும் செல்லைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கும். 2001இல் சர்குலேஷன் இதழில் வந்த ஒரு ஆய்வில், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 347 மனித வால்வுகளை வெட்டிப் பார்த்தார்கள். 36 வால்வுகளில் இருந்தது முதிர்ந்த எலும்பு. இதழுக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றால், அதை உப்புப் படிவு என்று சொல்ல முடியாது. உடம்பே தவறான இடத்தில் செய்துவைத்த கட்டுமான வேலை அது. வினிகர் ஊற்றிக் கழுவுகிற கதை இங்கே செல்லாது.

அப்படியானால் கட்டுமானத்துக்கு உத்தரவு போடுவது யார்? தட்டணு கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

எண்ணிக்கையை விட்டு உள்ளே பாருங்கள்

டெங்கு நமக்குத் தட்டணுவை எண்ணக் கற்றுக்கொடுத்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கலாம், கீழே போனால் பயம். ஆனால் வால்வு விஷயத்தில் எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு தட்டணு என்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வந்த சின்னத் துண்டு. அதற்கு உட்கரு கிடையாது. ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். ஆனால் உள்ளே குட்டிக் குட்டிப் பைகள் நிறைய உண்டு. அந்தப் பைகளில் ஒரு புரதம் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது: டிஜிஎஃப்-பீட்டா 1. காயத்தை மூட நார்த் திசுவை வளர்க்கச் சொல்லும் தூதுப் பொருள் அது. மற்ற செல்களில் இருப்பதைவிடப் பல மடங்கு தட்டணுவில் இருக்கிறது.

அது பூட்டிய நிலையில்தான் வெளியே வரும். சும்மா வெளியே வந்தால் வேலை செய்யாது, யாராவது பூட்டைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் ஜசிமுத்தீன் அகமது, பேரி காலர் ஆகியோரின் குழு 2008இல் காட்டியது இதைத்தான்: ரத்தத்தின் உரசல் விசை மிக அதிகமானால், அந்த விசையே பூட்டைத் திறக்கும் வேலையில் பங்கெடுக்கும்.

இப்போது ஒரு சுழல் தெரிகிறது, இல்லையா? வால்வு கொஞ்சம் சுருங்குகிறது. அங்கே ரத்தம் சீறுகிறது, உரசல் கூடுகிறது. தட்டணு தூண்டப்பட்டுத் தன் பையை உடைக்கிறது. வெளியே வந்த புரதத்தின் பூட்டையும் அதே உரசல் திறக்கிறது. திறந்த புரதம் பக்கத்திலிருக்கும் இதழைத் தடிக்கச் சொல்கிறது. வால்வு இன்னும் சுருங்குகிறது, உரசல் இன்னும் கூடுகிறது. கேட்க அழகான கருத்து. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டியதும் கூட.

மூன்று ஆய்வுகள்

முதலாவது 2014இல் அதே குழுவினர் வெளியிட்டது. கொலஸ்ட்ரால் மிக அதிகமாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு ஆறு மாதம் கொழுப்பு உணவு கொடுத்தார்கள். வால்வு தடித்தது, உரசல் விசை கூடியது, ரத்தத்தில் டிஜிஎஃப்-பீட்டா 1 அளவும் கூடியது. இன்னொரு வகை எலிகளில் பெருந்தமனியையே நூலால் கட்டிக் குறுக்கினார்கள். அரை மணி நேரத்திலேயே, குறுகிய இடத்தில் அந்தப் புரதம் வேலை செய்த தடயம் தெரிந்தது. தட்டணுவில் மட்டும் அந்தப் புரதம் இல்லாத எலிகளில், உரசலுக்கும் ரத்த அளவுக்கும் இருந்த அந்தத் தொடர்பு காணப்படவில்லை.

இரண்டாவது 2019இல் பிளட் அட்வான்ஸஸ் இதழில் வந்தது, அகமது குழுவின் தொடர்ச்சி. இதில் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள்: வால்வு சுருங்கும் எலியில், தட்டணுவிலிருந்து இந்தப் புரதத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சுருக்கம் மெதுவானது.

மூன்றாவது அதே 2019இல் ஐரோப்பிய இதய இதழில், கனடாவின் கியூபெக்கில் இருந்து. இங்கே பேசப்படும் தூதுப் பொருளே வேறு, லைசோஃபாஸ்பாட்டிடிக் அமிலம். தூண்டப்பட்ட தட்டணுக்கள் வால்வுச் செல்களை எலும்புப் பாதைக்குத் திருப்புகின்றன என்பது அவர்கள் வாதம். மனிதர்களிடமிருந்து எடுத்த சுருங்கிய வால்வுகளின் மேற்பரப்பில் தட்டணுக்கள் ஒட்டியிருந்ததையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

இவற்றின் பலம் என்ன? வெவ்வேறு ஊர், வெவ்வேறு தூதுப் பொருள், ஆனால் ஒரே திசை. அதிலும் இரண்டாவது ஆய்வு "ரெண்டும் சேர்ந்து கூடுது" என்று நிறுத்திக்கொள்ளாமல், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்று மாறுகிறதா என்று பார்க்கிறது. பம்பு ஓடலைன்னா ஒவ்வொரு பார்ட்டாகக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கின் முறை அது. இதைக் குறைத்துப் பேச முடியாது.

பலவீனங்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அளப்பதில் உள்ள தொல்லை. தட்டணு தொட்டால் சிணுங்கி. ஊசியால் ரத்தம் எடுக்கும்போதே, குழாயில் குலுங்கும்போதே, பையை உடைத்துவிடும். அப்படிக் கசிந்த புரதத்தையும் சேர்த்து எண்ணினால், உடம்புக்குள் இருந்தது எவ்வளவு, குழாயில் கசிந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். 2014 கட்டுரையே, வேலை செய்யும் நிலையிலுள்ள புரதம் நேரடியாக அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் அவர்கள் தடயங்களை வைத்துப் பேசுகிறார்கள். கொழுப்பு உணவு எலிகளில் உரசலுக்கும் புரத அளவுக்குமான தொடர்பு சுமாரானது, சில இடத்தில் பலவீனமானது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். படிக்கும் நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ரெண்டு, கத்தி அவ்வளவு கூர்மை இல்லை. "தட்டணுவில் மட்டும்" மரபணுவை நீக்கப் பயன்படும் வழக்கமான முறை, சில நேரம் வேறு ரத்தச் செல்களையும் கொஞ்சம் தொட்டுவிடும் என்பது வேறு குழுக்களின் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பலன் முழுக்கத் தட்டணுவாலேயே வந்தது என்று நூறு சதவீதம் சொல்லிவிட முடியாது.

மூன்று, தொடக்கம் யார் என்பது. சுழல் ஓட ஆரம்பித்த பிறகு தட்டணு அதை வேகப்படுத்துகிறது என்பதுதான் இந்தச் சான்றுகளிலிருந்து கிடைப்பது. முதல் சுருக்கத்தை யார் உண்டாக்கியது? இந்த எலிகளில் கொலஸ்ட்ரால். மனிதர்களில் வயது, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் ரெண்டு இதழோடு அமைந்த வால்வு, ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் என்று பல. ஆகவே "தட்டணுதான் காரணம்" என்பது தவறான மொழிபெயர்ப்பு. "ஏற்கெனவே சுருங்கத் தொடங்கின வால்வில் தட்டணு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது, குறைந்தபட்சம் எலியில்" என்பதுதான் சரி.

அந்தக் "குறைந்தபட்சம் எலியில்" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. காரணம், இதே நோயில் நமக்கு ஏற்கெனவே ஒரு அடி விழுந்திருக்கிறது.

ஸ்டாட்டின் கற்றுக்கொடுத்த பாடம்

வால்வு சுருக்கத்துக்கும் மாரடைப்புக்கும் பொதுவான அம்சங்கள் உண்டு. கொலஸ்ட்ரால், அழற்சி, கால்சியம் மூன்றும் ரெண்டிலும் வரும். எலிகளில் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் வால்வும் தேறியது. ஆகவே ஸ்டாட்டின் மாத்திரை மனிதர்களிலும் சுருக்கத்தை நிறுத்தும் என்று ரொம்பப் பேர் நம்பினார்கள். 2005இல் ஸ்காட்லாந்தில் 155 பேரிடம் அடோர்வாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. பலன் இல்லை. 2008இல் சீஸ் என்ற பெரிய சோதனை, 1,873 பேர், நாலு வருஷத்துக்கு மேல். கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்தது, வால்வு பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போனது. 2010இல் 269 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின். அதே முடிவு.

இதனால் ஸ்டாட்டின் வீண் மருந்து என்று ஆகாது. ரத்தக் குழாய் அடைப்புக்கு அது நிரூபிக்கப்பட்ட மருந்து. சொல்ல வந்தது இதுதான்: எலியில் தொடக்கக் காரணத்தை எடுத்தால் நோய் நிற்கிறது. மனிதர் டாக்டரிடம் வரும்போது நோய் பல வருஷம் ஓடியிருக்கும், எலும்புக் கட்டுமானம் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். தொடக்கத்தை அணைத்தால் போதாது. தட்டணு வாதத்துக்கும் இந்தச் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆஸ்பிரின் போட்டால் வால்வு சுருங்கும் வேகம் குறையும் என்று நிரூபித்த பெரிய மனிதச் சோதனை எதுவும் கிடையாது.

ஆஸ்பிரினின் வேலையைப் பார்த்தாலும் இது புரியும். அது தட்டணுவுக்குள் ஒரு குறிப்பிட்ட நொதியை முடக்கும். அதனால் ஒரு வழியில் வரும் தூண்டுதல் நிற்கும். ஆனால் சீறும் ரத்தத்தின் உரசல் தட்டணுவைத் தூண்டுவது வேறு வழி. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கட்டைத் திறந்துபோட்ட வீடு மாதிரி.

அதே உரசல், எதிர்ப்பக்கம்

என்னை இந்தக் குறிப்பை எழுதவைத்தது இனி வரும் பகுதிதான்.

1958இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹைட் என்ற டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்குச் சின்னக் கடிதம் எழுதினார். வால்வில் கால்சியம் பிடித்துச் சுருங்கிய நோயாளிகள் பத்துப் பேருக்காவது, காரணம் கண்டுபிடிக்க முடியாத கடும் குடல் ரத்தக்கசிவு இருந்ததைப் பார்த்திருக்கிறேன், இது ஏன்? இதய வால்வுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? பதில் உருவாக முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1992இல் தியோடர் வார்கென்டின் முதலியோர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்.

ரத்தத்தில் வான் வில்பிராண்ட் என்ற நீண்ட நூல் போன்ற புரதம் உண்டு. காயம்பட்ட இடத்தில் தட்டணுவைப் பிடித்து நிறுத்துவது இந்த நூல்தான். சாதாரணமாக அது நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். சுருங்கிய வால்வு வழியாகச் சீறும்போது உரசலில் அது நீண்டு விரிகிறது. விரிந்த நூலை ரத்தத்திலுள்ள ஒரு நொதி வெட்டிவிடுகிறது. நீளமான நூல்கள் தீர்ந்துபோகின்றன. மிஞ்சும் துண்டு நூல்களுக்குத் தட்டணுவைப் பிடிக்கும் பலம் இல்லை. கவுண்ட் சரியாகவே இருக்கும், ஆனால் ரத்தம் கசியும்.

2003இல் பிரான்சின் லீல் நகர டாக்டர்கள் 50 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கடுமையான சுருக்கம் உள்ளவர்களில் 21 சதவீதம் பேருக்குத் தோலிலோ சளிச்சவ்விலோ ரத்தக்கசிவு இருந்தது. சுருக்கம் எவ்வளவு கடுமையோ, நூல் குறைபாடும் அவ்வளவு. வால்வை மாற்றிய மறுநாளே குறைபாடு சரியானது. மருந்து எதுவும் இல்லாமல், வழியை அகலப்படுத்தியதாலேயே.

ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே உரசல் விசை, வால்வின் பக்கம் தட்டணுவைக் கிளப்பி இதழைத் தடிக்கவைக்கிறது. குடலின் பக்கம், தட்டணுவுக்குப் பிடிமானம் தரும் நூலை அறுத்து ரத்தம் கசியவைக்கிறது. கசியும் நிலையில் இருப்பவருக்கு "வால்வுக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே வயசானவர், ரத்தசோகை, "வயசாச்சு, சாப்பாடு சரியில்லை" என்று வீட்டில் விட்டுவிட்டிருப்பார்கள். மலம் கறுப்பாகப் போனால்கூட இரும்புச் சத்து மாத்திரையால் என்று நினைத்துக்கொள்வோம்.

தட்டணு மருந்து குறைவாக இருப்பதே நல்லது என்று மனிதச் சோதனையே காட்டிய இடமும் உண்டு. தொடை ரத்தக் குழாய் வழியாகப் புது வால்வை வைத்த 665 பேரை 2020இல் வெளியான ஐரோப்பியச் சோதனை ஒன்று பின்தொடர்ந்தது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் எடுத்தவர்களில் 26 சதவீதத்துக்கு மேல்.

ஒரு எச்சரிக்கை: ஸ்டென்ட் வைத்ததற்காகவோ வேறு காரணத்துக்காகவோ டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான் பேசுவது, யாரும் எழுதிக்கொடுக்காத ஆஸ்பிரினைப் பற்றி.

நம்ம வால்வு எது?

இதுவரை பேசினது வயசானவர்களின் பெருந்தமனி வால்வு. தமிழ்நாட்டு வால்வு நோயின் வரலாறு அங்கே தொடங்கவில்லை. அது சிறு வயதில், தொண்டை வலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பிறகு மூட்டுவலியோடு வரும் ரூமாட்டிக் காய்ச்சல், பிறகு மைட்ரல் வால்வு சுருக்கம். 1963இல் சுஜய் ராய், ராமலிங்கசாமி முதலியோர் லான்செட் இதழில் எழுதினார்கள்: மேற்கில் பல பத்தாண்டுகள் எடுத்து வரும் மைட்ரல் சுருக்கம், இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே கடுமையாக வந்து நிற்கிறது. வேலூர் சிஎம்சியில் ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் வெளியிட்ட கட்டுரையில், மூடிய முறையில் மைட்ரல் வால்வைத் திறந்துவிட்ட நோயாளிகள் 3,724 பேர். ஒரே ஆஸ்பத்திரியில், தொடர்ச்சியாக. கொங்குப் பகுதியிலிருந்து வேலூருக்கு ரயிலேறியது ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும். இன்று அதே வேலை கோவையிலேயே நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வால்வு மாற்று சிகிச்சை இருக்கிறது.

இந்த நோயிலும் தட்டணு இருக்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்தே. ரூமாட்டிக் காய்ச்சல் இதயத்தைத் தாக்கும்போது வால்வு இதழ்கள் ஒன்றோடொன்று மூடும் விளிம்பில் சின்ன மருக்கள் வரிசையாக வரும். அந்த மருக்கள் ஃபைப்ரினும் தட்டணுவும் சேர்ந்தவை. நோயியல் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த படம். அதைவிடச் சுவாரசியமானது, 1972இல் செல்சர், கோன் என்ற இருவர் மைட்ரல் சுருக்கத்தின் போக்கை அலசி எழுதியது. ரூமாட்டிக் நோய் அடங்கின பிறகும் வால்வு சுருங்கிக்கொண்டே போவது ஏன்? கோணலான வால்வின் மேல் கலங்கலாக ஓடும் ரத்தமே தொடர்ந்து அடிகொடுத்துத் தடிக்கவைக்கிறது என்பது அவர்கள் வாதம். 2014இன் உரசல் சுழலுக்கு இது தாத்தா முறை.

தட்டணு ஆய்வுகளின் மேல் என் முக்கியமான குறை இதுதான். சுழல் என்ற கருத்து உண்மையானால், அதைச் சோதிக்க ரூமாட்டிக் வால்வு அருமையான இடம். இருபது வயசுப் பிள்ளை, கொலஸ்ட்ரால் கிடையாது, முதுமை கிடையாது, ஆனால் வால்வு வேகமாகச் சுருங்குகிறது. கொலஸ்ட்ராலைத் தனியே பிரித்துப் பார்க்க எலியில் அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. நம் வார்டுகளில் அது இயல்பாகவே பிரிந்து கிடந்தது. ஆனால் நான் மேலே சொன்ன எலிகள் எதற்கும் ரூமாட்டிக் காய்ச்சல் வந்ததில்லை. "வால்வு சுருக்கத்தில் தட்டணுவின் பங்கு" என்ற பொதுத் தலைப்பைப் படிக்கும்போது, அது எந்த வால்வு, யாருடைய வால்வு என்று கேட்காமல் விட்டால், பதில் நமக்குப் பொருந்தாமல் போகலாம்.

பொருந்தாது என்று சும்மா சொல்லவில்லை. மைட்ரல் சுருக்கத்தில் ஆபத்தான ரத்தக்கட்டி வால்வில் உருவாவதைவிட, அதற்குப் பின்னால் வீங்கிப்போன இடது மேலறையில்தான் அதிகம். மடை அடைத்தால் வாய்க்காலின் மேல்பக்கம் தண்ணி தேங்குமே, அங்கே. சீறும் இடத்தில் தட்டணுவின் ஆட்டம் அதிகம், தேங்கும் இடத்தில் ஃபைப்ரின் வலையின் ஆட்டம் அதிகம். ஆகவே அங்கே வேண்டியது தட்டணு மாத்திரை இல்லை, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற உறைவெதிர்ப்பு மருந்து, ஐஎன்ஆர் பரிசோதனையோடு. ஊர்ப்பேச்சில் ரெண்டுமே "ரத்தத்தை இளக்குற மாத்திரை". அந்த ஒரே பெயர்தான் குழப்பத்தின் பாதி.

2022இல் வந்த இன்விக்டஸ் சோதனை இதற்கு நல்ல உதாரணம். தில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் அதில் முக்கியப் பங்காளர். ரூமாட்டிக் வால்வு நோயோடு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம், புதிய ரிவராக்ஸபானையும் வார்ஃபரின் வகைப் பழைய மருந்தையும் ஒப்பிட்டார்கள். மேலைநாட்டு நோயாளிகளிடம் நன்றாக நின்ற புதிய வகை மருந்து, இங்கே தோற்றது. பழைய மருந்து எடுத்தவர்களில் இறப்பு குறைவு. ஒரு வகை நோயாளிகளிடம் கிடைத்த முடிவை இன்னொரு வகைக்கு அப்படியே எடுத்துவர முடியாது என்பதை நம்ம நோயாளிகளே நிரூபித்த இடம் இது.

ரூமாட்டிக் வால்வைக் காப்பாற்றும் மருந்தாகச் சான்றோடு நிற்பது பழைய பென்சிலின்தான். உகாண்டாவில் நடந்து 2022இல் வெளியான சோதனையில், எக்கோவில் மட்டும் தெரியும் ஆரம்பநிலை நோயுள்ள 818 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ரெண்டு வருஷத்தில் நோய் முற்றியது ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம்.

இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது

மூன்று கேள்வி போதும். எந்த வால்வு, முதுமையிலா ரூமாட்டிக்கிலா? எலியிலா மனிதரிலா? மருந்து கொடுத்துப் பார்த்தார்களா, இல்லை மரபணுவை எடுத்துப் பார்த்தார்களா? தட்டணு ஆய்வுகளுக்கு இன்றைய பதில்: முதுமை வகை, பெரும்பாலும் எலி, மரபணு. இந்த மூன்று பதிலையும் மாற்றும் ஆய்வு ஒன்று வந்தால், முதல் ஆளாக இங்கே எழுதுவேன். வரும் என்றுதான் நினைக்கிறேன், கருத்தில் சரக்கு இருக்கிறது.

அதுவரை வீட்டில் யாருக்காவது வால்வு சுருக்கம் என்றால், எக்கோ ரிப்போர்ட்டில் வால்வின் பரப்பு எவ்வளவு, ரத்த வேகம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்க. கூடவே ஹீமோகுளோபினையும் கேளுங்க. அது காரணமில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தால், வயசு மேல் பழியைப் போடாமல், "வால்வால குடல்ல ரத்தம் கசியுதுங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்க. கேட்கத் தகுந்த கேள்விதான் அது. 1958இல் ஹைட் கேட்டதும் அதே கேள்விதான்.